லவோதிக்கேயா: பாழிடத்தில் நின்று கேட்ட பிரசங்கம் சரிதானா?

பாளை_வைகறை

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையிலிருந்து 31 பேர் துருக்கிக்கு, வெளிப்படுத்தல் புத்தகத்தில் வரும் ஏழு சபைகளின் ஊர்களைப் பார்க்கப் போய்வந்தோம். எபேசுவில் தொடங்கி லவோதிக்கேயாவில் முடிந்தது. பயணத்தைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, ஆனால் ஒரு விஷயம் மனதில் உறுத்திக்கொண்டே இருப்பதால் அதை மட்டும் முதலில் கேட்டுவிடுகிறேன்.

லவோதிக்கேயா இன்றைய தெனிஸ்லி நகரத்துக்குப் பக்கத்தில், ஆறு கிலோமீட்டர் வடக்கே, ஒரு தட்டையான மேட்டில் கிடக்கிறது. மரநிழல் கிடையாது. எங்களுடன் வந்த போதகர் பளிங்குத் தெருவில் நின்று வெளிப்படுத்தல் 3-ஆம் அதிகாரத்தை வாசித்தார். வெதுவெதுப்பாயிருக்கிறாய் என்று லவோதிக்கேயா சபையைக் கண்டித்துக் கர்த்தர் யோவான் வழியாக எழுதிய கடிதம் அதில்தான் வருகிறது. வாசித்து முடித்து, "வாந்திபண்ணிப்போடுவேன் என்று சொன்னார், பண்ணிப்போட்டார். இதோ, உங்கள் கண்முன்னால் கிடக்கிறது" என்று விழுந்து கிடந்த தூண்களைக் காட்டினார். பலர் அழுதார்கள். நானும் அழுதேன். அந்த அழுகை பொய் இல்லை, அதைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமும் இல்லை.

அப்புறம் அங்கிருந்து கொஞ்சதூரம் நடந்தால் ஒரு பெரிய ஆலயம். மேலே கூரை போட்டு, கண்ணாடிப் பாதையில் நின்று கீழே தரையைப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். 2010-இல் கண்டுபிடித்தார்களாம். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது, பதினொரு அரைவட்ட மாடங்கள், சிலுவை வடிவில் பளிங்கு ஞானஸ்நானத் தொட்டி. யோவானுக்கு வெளிப்பாடு கிடைத்தது ஏறக்குறைய 95-ஆம் ஆண்டு என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள். அப்படியானால் கடிதம் வந்து 200 ஆண்டுக்கு மேல் கழித்து அதே ஊரில் இவ்வளவு பெரிய ஆலயம் கட்டியிருக்கிறார்கள். கர்த்தர் துப்பிவிட்ட சபை இதை எப்படிக் கட்டியது?

போதகரிடம் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. இங்கே கேட்கிறேன். இடிந்து கிடக்கும் ஊரைக் காட்டி இது தேவனுடைய தண்டனை என்று சொல்வது சரியா? சரியில்லை என்றால், அந்த மாதிரி இடத்துக்குப் போய் ஒரு விசுவாசி எதைத்தான் கற்றுக்கொள்வது?

இன்னொன்று. ஆலயத்தைப் பார்த்த பிறகு தண்ணீர்க் கோபுரம் ஒன்றைக் காட்டினார்கள். கல்லைக் குடைந்து செய்த குழாய். உள்ளே சுண்ணாம்பு வளையம் வளையமாகப் படிந்து, கை நுழையும் ஓட்டை இரண்டு விரல் அளவுக்குச் சுருங்கியிருந்தது. பிரசங்கத்தில் வந்ததைவிட வேறொரு கண்ணீர் அதைப் பார்த்தபோது வந்தது. காரணம் எனக்கே புரியவில்லை.

பழைய_வாத்தியார்

நல்ல கேள்வி, மகளே. நான் சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் முதலில் ஊர்க்கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் இரண்டாம் அந்தியோகஸ் என்ற அரசன் தன் மனைவி லவோதிக்கே பெயரில் அமைத்த நகரம் அது. பெரிய சாலைகள் கூடும் இடம், கறுப்பு ஆட்டு ரோமத் துணிக்குப் பெயர்போனது, பணப்புழக்கம் அதிகம். கி.மு. 62-இல் பிளாக்கஸ் என்ற ரோம ஆளுநர், யூதர்கள் எருசலேம் ஆலயத்துக்கு அனுப்பச் சேர்த்து வைத்திருந்த தங்கத்தைப் பறித்துக்கொண்டான். லவோதிக்கேயாவில் மட்டும் இருபது ராத்தலுக்கு மேல் இருந்தது. கி.பி. 60-இல் நிலநடுக்கத்தில் ஊரே சரிந்தபோது, ரோமிடமிருந்து எந்த உதவியும் வாங்காமல் சொந்தக் காசிலேயே எழுந்து நின்றது என்று தாசித்து என்ற ரோம வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். கடிதத்தில் வரும் "எனக்கு ஒரு குறைவுமில்லை" என்ற வசனத்தை இந்தச் செய்தியோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள். அந்த ஊர்க்காரர்கள் உண்மையிலேயே அப்படிச் சொல்லிப் பெருமைப்பட்டிருப்பார்கள்.

இப்போது உங்கள் கேள்வி. கடிதம் வந்த பிறகும் ஊர் 500 ஆண்டு இருந்தது. நிலம் அடிக்கடி நடுங்கும் பகுதி அது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகுதான் ஊரை விட்டுப் போனார்கள். போனவர்கள் இருந்த இடம்தான் பிற்காலத்தில் தெனிஸ்லி ஆனது.

போதகரிடம் ஒன்று கேட்டிருக்கலாம். பிலதெல்பியாவைப் பார்த்தீர்களே, அது எப்படி இருந்தது? ஏழு சபைகளில் கர்த்தர் ஒரு குறையும் சொல்லாதவை இரண்டே, சிமிர்னாவும் பிலதெல்பியாவும். பிலதெல்பியாதான் இன்றைய அலாஷெகிர். அங்கே யோவான் பெயரிலிருந்த ஆலயத்தில் மிச்சம் சில பருத்த செங்கல் தூண்கள் மட்டும்தான். மெச்சப்பட்ட சபையும் இடிந்துதான் கிடக்கிறது. லவோதிக்கேயாவின் இடிபாடு தண்டனை என்றால் பிலதெல்பியாவின் இடிபாட்டுக்கு என்ன பெயர் வைப்போம்?

தேனி_மலர்

அக்கா, படங்களைப் போடுங்கள். என் அம்மாவுக்கு 71 வயது, மூட்டுவலி. அங்கே நடக்க முடியுமா?

பாளை_வைகறை

மலர், மெதுவாகப் போனால் முடியும். ஆனால் பழைய தெருக்கல் வழுக்கும், மேடுபள்ளம் உண்டு. காலையில் முதல் ஆளாகப் போய்விடுங்கள். தொப்பி, தண்ணீர் கட்டாயம். அம்மாவை ஆலயம் வரைக்கும் கூட்டிப்போனால் போதும், நாடக அரங்குகள் வரைக்கும் இழுக்க வேண்டாம்.

வாத்தியார் ஐயா, பிலதெல்பியாவில் அந்தத் தூண்களின் நிழலில் நின்றுதான் "நல்ல சபை" என்று பாட்டுப் பாடினோம். இடிந்து கிடக்கிறதே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அகல்விளக்கு

//குளிருமின்றி அனலுமின்றி வெதுவெதுப்பாயிருக்கிறபடியினால்//

இறையியல் கல்லூரியில் படிக்கிறேன், சென்ற பருவத்தில் இந்தப் பகுதியில்தான் கட்டுரை எழுதினேன். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

முதலாவது, பயண வழிகாட்டிகள் பலர் சொல்வது: எராப்போலியின் வெந்நீர் லவோதிக்கேயாவுக்கு ஓடிவருவதற்குள் ஆறி வெதுவெதுப்பாகிவிடும் என்று. எராப்போலி என்பது இன்றைய பாமுக்கலே, பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம், வடக்கே. லவோதிக்கேயாவுக்குத் தண்ணீர் வந்தது தெற்கிலிருந்து, இன்றைய தெனிஸ்லிப் பக்கத்து ஊற்றுகளிலிருந்து. வைகறை அக்கா பார்த்த குழாய் அந்தத் தெற்குத் தண்ணீரைக் கொண்டுவந்ததுதான். பள்ளத்தில் இறங்கி, உயரத்திலிருந்து வரும் தண்ணீரின் அழுத்தத்திலேயே மறுபடி மேட்டில் ஏறும்படி இரட்டைக் குழாய் போட்டிருந்தார்கள்.

அந்தத் தண்ணீர் குடிக்கவே முடியாதது என்று சொல்வதும் கொஞ்சம் மிகை. ஸ்திராபோ என்ற பழைய புவியியல் ஆசிரியர், அந்த ஊர் ஆறுகளின் நீர் கல்லாகிவிடும், ஆனாலும் குடிக்கலாம் என்று எழுதுகிறார்.

இரண்டாவது, இதுதான் எனக்கு முக்கியம். அனல் என்றால் பக்தி வைராக்கியம், குளிர் என்றால் தேவனை மறுப்பது என்று சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தோம். ஆனால் கர்த்தர் "குளிராயாவது அனலாயாவது இருந்தால் நலமாயிருக்கும்" என்கிறார். தம்மை மறுப்பதை அவர் நலம் என்பாரா? எராப்போலியின் வெந்நீர் நோயாளிகளுக்கு ஆறுதல், பக்கத்து ஊரான கொலோசெயின் மலைத் தண்ணீர் தாகத்துக்கு ஆறுதல், இரண்டும் ஏதோ ஒருவருக்கு உதவுகிறது, நீங்கள் யாருக்கும் உதவவில்லை என்பதே கருத்து என்று பலர் விளக்குகிறார்கள். வேறு சிலர் இதை விருந்து மேசையோடு சேர்க்கிறார்கள். அந்தக் காலத்து விருந்தில் பானத்தைச் சூடாக்கியோ குளிரவைத்தோ கொடுப்பது வழக்கம். ஏனோதானோ என்று வெதுவெதுப்பாகக் கொடுத்தால் விருந்தாளி முகம் சுளிப்பார். எனக்கு இந்த இரண்டாவது விளக்கம்தான் பிடித்திருக்கிறது, ஏனென்றால் நான்கு வசனம் தள்ளி அதே கர்த்தர் வாசலில் நின்று தட்டி, உள்ளே வந்து "போஜனம்பண்ணுவேன்" என்கிறார். துப்புகிறவரும் சாப்பிட வருகிறவரும் ஒருவரே.

அனல்மூட்டி

சகோதர சகோதரிகளே, நீங்கள் எழுதுவதையெல்லாம் பொறுமையாக வாசித்தேன். ஆராய்ச்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பயமாக இருக்கிறது.

எனக்கு 24 வயதில், ஒரு கூடாரக் கூட்டத்தில், இந்த ஒரு வசனத்தில்தான் கர்த்தர் என்னைப் பிடித்தார். வாரம் தவறாமல் ஆலயம் போவேன், பாடகர் குழுவில் இருந்தேன், உள்ளே ஒன்றுமில்லை. "உன்னை என் வாயினின்று" என்று பிரசங்கியார் வாசித்தபோது என் பெயரைச் சொன்னது போலிருந்தது. அன்றைக்கு யாராவது வந்து தம்பி, இது தண்ணீர்க் குழாய் விஷயம் என்று விளக்கியிருந்தால் நான் எங்கே இருந்திருப்பேனோ.

குளிர் நலமா என்று தங்கை கேட்கிறார். பிற்பாடு பவுல் ஆன தர்சு பட்டணத்துச் சவுல் குளிர்தானே? வெளிப்படையாக எதிர்த்தான். அவனை ஆண்டவர் ஒரே நாளில் பிடித்தார். நடுவில் இருப்பவனைப் பிடிப்பதுதான் கடினம். அனுபவத்தில் சொல்கிறேன்.

பாழிடத்தைக் காட்டிப் பிரசங்கிக்கக்கூடாது என்றால் எரேமியா 7 என்னாவது? எருசலேம் ஆலய வாசலில் நிற்கிற ஜனத்திடம், பாழாய்ப்போன பழைய ஆராதனைத் தலமான சீலோவுக்குப் போய் நான் அதற்குச் செய்ததைப் பாருங்கள் என்று கர்த்தரே சொல்கிறார். இடிபாட்டைப் பார்க்க அனுப்பினவரே அவர்தான்.

பழைய_வாத்தியார்

அனல்மூட்டி ஐயா, சீலோவை நீங்கள் கொண்டுவந்தது மிக நல்லது. எனக்கு அது தோன்றவில்லை. இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

சீலோவைச் சொன்னால் சீலோவாமையும் சொல்ல வேண்டும். லூக்கா 13. கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் செத்தார்கள். எருசலேமிலிருந்த மற்றெல்லாரையும்விட அவர்கள் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்டு, அப்படியல்ல என்று அவரே பதிலும் சொல்கிறார். அத்தோடு விடவில்லை. நீங்கள் மனந்திரும்பாமற்போனால் எல்லாரும் அப்படியே கெட்டுப்போவீர்கள் என்கிறார்.

எரேமியாவும் சீலோவின் பழைய ஆசாரியர்களைத் திட்டுவதற்காக யாரையும் அங்கே அனுப்பவில்லை. "கர்த்தரின் ஆலயம், கர்த்தரின் ஆலயம்" என்று சொல்லி, இந்தக் கட்டடம் இருக்கும்வரை நமக்கு ஒன்றும் ஆகாது என்று நிமிர்ந்து நின்ற தன் காலத்து ஜனத்துக்குத்தான் சொன்னார். இரண்டு இடத்திலும் விரல் நீளுவது பார்க்கிறவனை நோக்கி. செத்தவனை நோக்கி அல்ல.

உங்களுக்குக் கூடாரத்தில் நடந்ததும் அதுதானே, ஐயா? பிரசங்கியார் லவோதிக்கேயாக்காரனைக் காட்டவில்லை, உங்களைக் காட்டினார். வைகறை கேட்ட பிரசங்கத்தில் விரல் தூண்களைக் காட்டியது. அதில்தான் எனக்கு மனத்தாங்கல்.

அனல்மூட்டி

ஐயா, அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு வார்த்தை. அந்தப் போதகர் பேசியபோது 31 பேரில் பலர் அழுதார்கள் என்று சகோதரியே எழுதியிருக்கிறார். விரல் தவறான இடத்தைக் காட்டினாலும் ஆவியானவர் சரியான இடத்தைத் தொட்டிருக்கலாம்.

பாளை_வைகறை

ஆமாம் ஐயா. தொட்டார். அதனால்தான் போதகரின் பெயரை இங்கே எழுதவில்லை, எழுதவும் மாட்டேன்.

குழாய்க்காரன்

வைகறை அக்கா போட்ட படத்தை என் மனைவி காட்டினாள். நான் 26 வருடமாகப் பிளம்பிங் வேலை பார்க்கிறேன். வேதம் அதிகம் தெரியாது, பைப் தெரியும்.

போர்த் தண்ணீரில் இதே கதைதான், அக்கா. சுண்ணாம்புப் பாறை வழியாக ஊறி வருகிற தண்ணீரில் சுண்ணாம்பு கரைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பார்க்கப் பளிங்கு மாதிரி இருக்கும். மண்ணுக்குள் அது கரைந்தே இருப்பதற்குக் காரணம் தண்ணீரிலிருக்கிற காற்று, சோடாவில் இருக்குமே அந்தக் காற்று. தண்ணீர் வெளியே வந்து, கொஞ்சம் சூடாகி, அழுத்தம் குறைந்ததும் அந்தக் காற்று போய்விடும். காற்று போனதும் சுண்ணாம்பு பைப் சுவரில் உட்கார்ந்துவிடும். ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. முதல் பூச்சு ஒட்டிவிட்டால் அடுத்தது அதன்மேல் சுலபமாக ஒட்டும். அக்கா சொன்ன வளையம் வளையமான கோடுகள் அப்படி வருவதுதான்.

படத்தில் கல்லின் மேல்பக்கம் ஒரு துளை தெரிகிறது. காற்றை விடுவதற்கா, குச்சி விட்டுச் சுத்தம் பண்ணுவதற்கா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்தத் துளையைப் பார்த்ததும், அந்தக் காலத்து ஆட்களுக்கும் அடைப்பு வரும் என்று தெரிந்திருக்கிறது என்று தோன்றியது. எனக்கு மனதுக்கு நெருக்கமாகிவிட்டார்கள்.

அகல்விளக்கு

குழாய்க்கார அண்ணா, உங்களுக்கு ஒரு செய்தி. அதே ஊரில் தண்ணீர்ச் சட்டம் ஒன்றைப் பளிங்குக் கல்லில் வெட்டி வைத்திருந்தது கிடைத்திருக்கிறது. ஆண்டு 114, அதாவது யோவானின் கடிதம் போய் இருபது ஆண்டுக்குள். குழாயைச் சேதப்படுத்தினால் 5,000 தெனாரி அபராதம். மத்தேயு 20-இல் திராட்சத்தோட்டக் கூலியாளுக்கு நாளுக்கு ஒரு பணம் பேசுகிறாரே, அந்தப் பணம்தான் தெனாரி. ஒரு கூலியாள் பதின்மூன்று வருடத்துக்கு மேல் ஒரு நாள் விடாமல் உழைத்தால்தான் கட்ட முடியும். தண்ணீருக்கு அவ்வளவு பயந்து வாழ்ந்த ஊர்.

வைகறை அக்கா, தூண் ஒன்றில் குத்துவிளக்கும் சிலுவையும் சேர்ந்து செதுக்கியிருப்பதைப் பார்த்தீர்களா?

பாளை_வைகறை

பார்த்தேன், அகல். ஏழு கிளை விளக்கு, அதன் இரு பக்கமும் யூதர்களின் பண்டிகை அடையாளங்கள், மேலே சிலுவை. யூதரை வென்றுவிட்டோம் என்று கிறிஸ்தவர்கள் செதுக்கியது என்றார் வழிகாட்டி. எனக்கு அதைக் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

அகல்விளக்கு

அப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். யூத விசுவாசிகளும் மற்றவர்களும் சேர்ந்து வாழ்ந்ததன் அடையாளம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். நான் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். நான்காம் நூற்றாண்டில், 363-364 வாக்கில், லவோதிக்கேயாவில் ஒரு சபைச் சங்கம் கூடியது. அதன் விதிகளில், கிறிஸ்தவர்கள் ஓய்வுநாளில் வேலை செய்யாமல் இருக்கக்கூடாது, யூதரிடமிருந்து புளிப்பில்லாத அப்பம் வாங்கக்கூடாது, பண்டிகைப் பலகாரம் வாங்கக்கூடாது என்றெல்லாம் வருகிறது. தடை போட்டிருக்கிறார்கள் என்றால் நடந்துகொண்டிருந்தது என்று அர்த்தம். சாதாரண ஜனங்கள் அக்கம்பக்கத்தில் அப்பம் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பெரியவர்களுக்குத்தான் அது பிடிக்கவில்லை.

அதே சங்கத்தின் பெயரில் உள்ள வேதப் புத்தகப் பட்டியலில் வெளிப்படுத்தல் கிடையாது! (அந்தப் பட்டியல் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டதா என்று அறிஞர்களிடையே வாதம் உண்டு.) எந்த ஊருக்கு அவ்வளவு கடுமையான கடிதம் வந்ததோ, அந்த ஊர்ப் பட்டியலிலேயே அந்தக் கடிதம் இருக்கும் புத்தகம் இல்லை. இதை வாசித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் மேல் வந்த கடிந்துகொள்ளுதல்களில் எத்தனையை நான் பட்டியலில் சேர்க்காமல் விட்டிருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

ரைன்நதிக்கரை

தாமதமாக வந்து சேர்கிறேன். நானும் கணவரும் ஏப்ரலில் போனோம். லவோதிக்கேயா முடிந்ததும் எல்லாரும் பாமுக்கலேக்கு வெந்நீரில் கால் நனைக்கப் போய்விட்டார்கள். நாங்கள் வாடகை வண்டி பிடித்துக் கொலோசெக்குப் போனோம், கிழக்கே ஹோனாஸ் மலையடிவாரத்தில். அங்கே ஒரு மண்மேடு. அவ்வளவுதான். புல், ஆங்காங்கே தலைநீட்டும் கற்கள், ஓர் ஓடை. ஓடைத் தண்ணீரில் கை வைத்தேன், சில்லென்று இருந்தது.

மேட்டின் மேல் உட்கார்ந்து கொலோசெயர் நான்காம் அதிகாரத்தை வாசித்தோம். எப்பாப்பிரா கொலோசெக்காரர். தன் ஊருக்காகவும் லவோதிக்கேயாவுக்காகவும் எராப்போலிக்காகவும் மிகுந்த ஜாக்கிரதையாயிருக்கிறான் என்று பவுல் அவரைப் பற்றிச் சாட்சி சொல்கிறார். இந்த நிருபத்தை லவோதிக்கேயா சபையிலும் வாசியுங்கள், அங்கிருந்து வருவதை நீங்களும் வாசியுங்கள் என்கிறார். லவோதிக்கேயாவிலிருந்து வந்த அந்த நிருபம் நம் கையில் இல்லை.

கொலோசெயில் பிரசங்கம் பண்ண ஒரு தூண்கூட நிற்கவில்லை. ஆனால் பள்ளத்தாக்கில் மூன்று ஊரும் எவ்வளவு பக்கம் பக்கமாக இருக்கின்றன என்பது அங்கே உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. ஒருவருடைய ஜெபத்துக்குள் மூன்றும் அடங்கும் தூரம். அந்த ஜெபம் லவோதிக்கேயாவுக்குத் தேவைப்பட்டது என்று யோவானின் கடிதம் சொல்கிறது. ஆலயத்தின் ஞானஸ்நானத் தொட்டியைப் பார்த்தால் வீண்போகவில்லை என்றும் தோன்றுகிறது.

அனல்மூட்டி

சகோதரி, இதை வாசித்ததும் மனம் உருகிவிட்டது. "நான் நேசிக்கிறவர்களெவர்களோ அவர்களைக் கடிந்துகொண்டு சிட்சிக்கிறேன்" என்ற வசனமும் லவோதிக்கேயாவுக்கு எழுதினதுதான். இத்தனை வருடம் பிரசங்கித்தும் அந்த முதல் மூன்று வார்த்தையில் நான் நின்றதில்லை.

குழாய்க்காரன்

அக்கா, உங்கள் பெண்கள் ஐக்கியத்தில் இதைப் பற்றிப் பேசப்போவதாக என் மனைவியிடம் சொன்னீர்களாம். போன வருடம் ஒரு விடுதியில் அறுத்தெடுத்த பைப் துண்டு என்னிடம் இருக்கிறது, உள்ளே நன்றாகப் படிந்தது. பார்சலில் அனுப்பட்டுமா?

பாளை_வைகறை

தம்பி, வந்து சேர்ந்தது. சனிக்கிழமை மேசையில் வைத்தேன். எழுதிக்கொண்டு போன குறிப்பில் பாதியைக்கூட நான் பேசவில்லை. ஆலயத்தின் படத்தையும் குழாயின் படத்தையும் காட்டி, மூன்றாம் அதிகாரத்தை வாசித்துவிட்டு, பைப்பைக் கைமாற்றிவிட்டேன். ஒவ்வொருவரும் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தார்கள். எங்கள் சபையின் மூத்த அம்மா ஒருவர், 80 தாண்டியவர், மடியில் வைத்துக்கொண்டு திருப்பித் தரவே இல்லை. கூட்டம் முடிந்து எல்லாரும் காப்பி குடிக்கப் போனபிறகு என்னைக் கூப்பிட்டு, "இதைச் சுத்தம் பண்ண முடியாதா, அறுத்துத்தான் எடுக்கணுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

குழாய்க்காரன்

முடியும் அக்கா. அந்தத் துண்டு பாதிதான் அடைத்திருந்தது. ஆசிட் கலந்து ஊற்றி ஊறவிட்டுக் கழுவியிருந்தால் கரைந்து வந்திருக்கும். அந்த விடுதியில் யாரும் என்னைக் கூப்பிடவில்லை, ஏனென்றால் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. பக்கத்துக் கட்டடத்து வேலைக்குப் போனபோது நானாகத்தான் பார்த்தேன்.

அம்மாவிடம் சொல்லுங்கள். பைப் அவர்களிடமே இருக்கட்டும்.